அறுபத்தோராம் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் என் நலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது நேற்று பிற்பகல் மூன்றரை மணியோடு முடிந்துவிட்டது.

போனில் சொல்லியிருப்பேன். "கோபமா இருக்கும்போது கூப்பிடாதே, எழுது, கையெழுத்தாவது திருந்தும்" என்று போன வருஷம் சட்டம் போட்டவள் நீ. தவிர, என் போன் நேற்றுப் பெரிய சலவை மெஷினுக்குள் விழுந்துவிட்டது. விழுந்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

விஷயம் ஆஸ்பத்திரி டெண்டர். அரசு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி எல்லாம் பதினோரு வருஷமாக நம் சலவைப் பட்டறையில்தான் வெளுக்கின்றன. இருக்கிற ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு தீர்கிறது. அடுத்த ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பம் போட நேற்று மூன்று மணிதான் கடைசி. இந்த முறை காகிதமில்லை, உறையில்லை, அரக்கு முத்திரையில்லை. எல்லாம் போர்ட்டல் வழியாக. நான் 2.47க்கு என் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். கூட்டு நிறுவனம் என்பதால் இரண்டாவது பங்குதாரரான நீயும் அங்கிருந்து உறுதிப் பொத்தானை அமுக்கினால்தான் அது அரசாங்கத்தின் பெட்டிக்குள் விழும். நீ அமுக்கியும்விட்டாய். அப்பா காலத்திலிருந்து நான் நீட்டுகிற எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற உத்தமி அல்லவா. உன்னிடமிருந்து "ஆச்சு" என்று செய்தி வந்ததும் பட்டறை ஆட்கள் முப்பத்தொரு பேருக்கும் டீ சொன்னேன். இரண்டு பேருக்கு பிஸ்கட்டும் சொன்னேன்.

அரை மணி கழித்துத் திரையைப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் நிற்கிறது: "பெறப்பட்ட நேரம் 3.04. தாமதம். பரிசீலிக்கப்படாது."

பதினேழு நிமிடம், அக்கா. நம் விண்ணப்பத்தை வாயில் போட்டுப் பதினேழு நிமிடம் மென்றிருக்கிறது அந்த சர்வர். நான் விடப்போவதில்லை. மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். அதன் சட்டையைப் பிடிக்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். என் ரத்த அழுத்தத்தைக் கேட்காதே. நம் பட்டறை மெஷின்காரர் அளந்து பார்த்துவிட்டு "இது பாய்லர் கணக்கா இருக்கே" என்றார்.

கொதிப்புடன்,
தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. புதுப் போன் வாங்கினாயா?

நடந்தது வருத்தமான விஷயம்தான். அதற்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கத்தான் வேண்டுமா? லாட்ஜ் சலவை இருக்கிறது. தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. கொஞ்சம் யோசி.

எனக்குக் காதில் லேசான வலி. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். மற்றபடி சுகம். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம், என்னைத் தவிர. காது வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உனக்கு அங்கே என்ன வேலை, சும்மாதானே இருக்கிறாய், நாளைக்கு நாலு முறை கொடுக்கலாம்.

யோசி என்று எழுதியிருந்தாய். யோசித்தேன். யோசிக்க யோசிக்கத்தான் வயிறு எரிகிறது. போர்ட்டலின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்துவிட்டு ஒரு ஆள் வந்தான்.

"சார், உங்க ஃபைல் மூணு நாலுக்குத்தான் வந்திருக்கு."

"நான் ரெண்டு நாப்பத்தேழுக்கே அனுப்பிட்டேன்பா. என் சுவர்ல கடிகாரம் இருக்கு."

"அது உங்க சுவருக்கு சார். எங்களுக்கு சர்வர் டைம்தான் டைம்."

"சர்வர் மெதுவா இருந்தா அது என் தப்பா?"

"மெதுவா இருக்கும்னு தெரிஞ்சு முன்கூட்டியே போட்டிருக்கணும் சார். அது விதி. பதினாலாவது பக்கத்துல இருக்கு."

"அதையெல்லாம் யாருப்பா படிக்கிறாங்க?"

"அதான் சார்."

வைத்துவிட்டான். இவன் சம்பளத்தில் பாதி என் வரி. என் வரியைத் தின்கிற வாயால் எனக்கே விதி சொல்கிறான்.

இன்னொரு கொடுமையைக் கேள். டெண்டர் யாருக்குப் போகிறது தெரியுமா? நுரைக்கு. நம் போட்டிக்காரர்தான். அவர் பட்டறையிலிருந்து சோப்பு நுரை பொங்கித் தெருவில் பஸ்ஸே நின்றது, அந்த நுரை. விண்ணப்பத்தை முந்தின நாளே போட்டுவிட்டாராம். கடைசி நாள் என்று ஒன்றை எதற்காக வைத்திருக்கிறார்கள்? முந்தின நாளே போடுகிறவனெல்லாம் மனுஷனா?

வக்கீல் வைத்துவிட்டேன். எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்பார். அவர் பேரே பட்டறையில் பொறுங்க வக்கீல் ஆகிவிட்டது. ஃபீஸ் வாங்கும்போது மட்டும் பொறுக்கமாட்டார். மேல்முறையீடு போட்டாயிற்று. சர்வர்தான் மென்றது என்று நிரூபிக்க, நொடிவாரியான பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரட்டும், நாறடிக்கிறேன்.

மடிப்பு அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா, அதான் நம் மடிப்பு, தினமும் வாசலிலேயே மடக்கி ஒன்றைக் கேட்கிறாள்: "ஜூலையில நாங்க வரணுமா, வேண்டாமா?" சர்வரைக் கேள் என்கிறேன்.

உக்கிரத்துடன்,
தம்பி

*

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. நலமா?

அந்த நொடிவாரிப் பதிவு எப்போது வரும்? கட்டாயம் கேட்கத்தான் வேண்டுமா? வக்கீல் பொறுங்க என்கிறார் என்றால் ஒருவேளை பொறுக்கலாமே.

அந்த விண்ணப்பம் மொத்தம் எத்தனை பக்கம்? எல்லாவற்றையும் நீயேதான் எழுதினாயா, இல்லை யாராவது எழுதிக் கொடுத்தார்களா?

காது தேவலை.

அக்கா

*

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காது தேறியதில் சந்தோஷம். என் மண்டை தேறவில்லை.

உனக்கும் ஒரு வழியாக ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறதே. பக்கமெல்லாம் கேட்கிறாய். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனையும் நானே. ஒரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து, கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. என்னைப் பார்க்க வருகிறவர்களெல்லாம் நான் அவர்களைச் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டார்கள். மெஷின் விவரம், கிருமி நீக்கும் முறை, ஆட்கள், அனுபவம், எல்லாவற்றையும் ஜோடித்திருக்கிறேன். அதில் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் பற்றிய பக்கம் இருக்கிறதே, அதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. முழு நேர மேற்பார்வையாளர் இருந்தால் இருபது மதிப்பெண். நுரையிடம் அப்படி யாரும் கிடையாது.

உனக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். ஜெயித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். வாய் அரிக்கிறது, இருந்தாலும் சொல்லமாட்டேன். மாடியறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டாயிற்று. உன் தம்பி பெண்டாட்டி, "முதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்று தொணதொணக்கிறாள். கூடப் பிறந்தவளிடம் என்ன கேள்வி, சொல்.

பதிவு கேட்கத்தான் வேண்டுமா என்று எழுதியிருக்கிறாயே, நீ யார் கட்சி? ஆஸ்பத்திரி போனால் பட்டறையில் பாதிக்கு மேல் பூட்ட வேண்டும். மடிப்பின் கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பின் வாசல் வழியாக வந்துபோகிறேன். முதலாளி பின் வாசலில் நுழைகிற ஒரே பட்டறை நம்முடையதாகத்தான் இருக்கும்.

பதில் போடு. மூன்று வாரம் ஆக்காதே.

தம்பி

*

மே 6

அக்காவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? புதுப் போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. பிறகு "வெளியே இருக்கிறேன்" என்று செய்தி வருகிறது. வேலையில்லாத மனுஷி தினமும் காலையில் வெளியே எங்கே போகிறாய்?

விசாரணை ஜூலை மூன்று. பதிவு இந்த வாரம் வந்துவிடும் என்கிறார்கள். அன்றைக்கு வேறு இரண்டு பேருக்கும் போர்ட்டல் திணறியதாம், அவர்களும் புகார் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கம் காற்று அடிக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

தம்பி

*

மே 21

அக்காவுக்கு,

பதிவு வந்துவிட்டது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

2.47.12: முதல் பங்குதாரர் கையெழுத்து.
2.49.30: இரண்டாம் பங்குதாரர் ஆவணத்தைத் திறந்தார்.
3.04.08: இரண்டாம் பங்குதாரர் கையெழுத்து.
3.04.09: பெறப்பட்டது.

சர்வர் எடுத்துக்கொண்டது ஒரு நொடி. இரண்டரை மாதமாக ஊர் பூராவும் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். உதவி எண் ஆளின் அம்மா வரைக்கும் போயிருக்கிறேன்.

2.49க்குத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் என்ன செய்தாய்? பால் பொங்கியதா? யாராவது வந்தார்களா? கரண்ட் போயிற்றா? ஏதோ ஒன்று இருக்கும். எதுவாக இருந்தாலும் இருக்கட்டும்.

பொறுங்க வக்கீல் வழி கண்டுபிடித்துவிட்டார். "அன்னிக்கு ரெண்டு பேருக்குத் திணறினது ரெக்கார்டுல இருக்கு. உங்க அக்காவுக்கும் திணறுச்சுன்னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா போதும், குழு திறந்துடும்" என்கிறார். தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். 2.50லிருந்து பலமுறை அமுக்கியும் உறுதிப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று இருக்கிறது, அவ்வளவுதான். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வழக்கம்போல.

தம்பி

*

மே 30

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பால் பொங்கவில்லை. கரண்ட் போகவில்லை. யாரும் வரவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஏன் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் மில் பரிசோதனைக்கூடத்தில் ஒரு சாயத்தைக்கூட என் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீ நீட்டுகிறதில் மட்டும் போட்டேன். அன்று திறந்ததும் மெஷின் படங்கள் வந்தன, நன்றாக இருக்கிறதே என்று கீழே தள்ளிக்கொண்டே போனேன். அறுபத்தோராம் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

அதில் நீ எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம். "முழு நேர மேற்பார்வையாளர்: துணிச் சாய வேதியியலில் முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் பெற்றவர். ஓய்வு பெற்று, தற்போது வேறு பணி எதுவுமின்றி இருப்பவர். குடும்பப் பொறுப்புகள் இல்லாதவர். ஒப்பந்தக் காலமான ஐந்து ஆண்டுகளும் நிறுவன வளாகத்திலேயே தங்கிப் பணியாற்றுவார்."

நீயே இரண்டு தடவை படித்துப் பார்த்தாயாமே. அந்த இரண்டு தடவையில் ஒரு தடவைகூட இவளைக் கேட்கவில்லையே என்று தோன்றவில்லையா? உன் பெண்டாட்டிக்குத் தோன்றியிருக்கிறது.

எனக்கு வேறு பணி இல்லை என்று உனக்கு யார் சொன்னது? எட்டு மாதமாக நகராட்சிக் குளத்தில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில், என்னைவிட முப்பது வயது சின்னவளான ஒருத்தியிடம் திட்டு வாங்கிக்கொண்டு. காது வலி அந்தத் தண்ணீரால் வந்தது. ஏன் வலிக்கிறது என்று கேட்டாயா? ஒத்தடம் கொடு, சும்மாதானே இருக்கிறாய் என்றாய். பிப்ரவரியில்தான் முதல் தடவையாக மூச்சு வாங்காமல் குளத்தின் அகலத்தைக் கடந்தேன். கரையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தேன். பிறகு மூன்று வாரத்தில் உன் அறுபத்தோராம் பக்கம்.

நேரம் போனது தெரியவில்லை என்று எழுதிவிடலாம். அது பொய். சுவரில் மணி பார்த்தேன். 2.58. கை பொத்தான் மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. மூன்று தாண்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தாண்டிய பிறகு அமுக்கிவிட்டு, நானும் அமுக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காக, "ஆச்சு" என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். இதில் எனக்கு அசிங்கமாக இருப்பது அந்தச் செய்தி மட்டும்தான். அதனால்தான் மூன்று மாதம் மழுப்பினேன்.

இப்போது வந்திருக்கிற பத்திரத்தையும் படித்தேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

அக்கா

*

ஜூன் 4

அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறாய் என்று தெரிகிறது. நீச்சலெல்லாம் அடிக்கிறாய். நீந்து. நாங்கள் இங்கே மூழ்கிக்கொண்டிருக்கிறோம்.

முப்பத்தொரு பேர், அக்கா. மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அப்போது அதில் ஒருத்தர் முகமாவது கண்ணில் வந்ததா? ஒரு பக்கத்தில் ஒரு பெயர் எழுதியது அவ்வளவு பெரிய குற்றமா? உன்னை நான் பாத்திரம் கழுவக் கூப்பிட்டேனா? மேற்பார்வையாளர் என்றுதானே போட்டேன். தனி அறை, கொசுவலை. அங்கே மூன்றாவது மாடியில் தனியாகக் கிடக்கிறாளே, நம்மோடு வந்து இருக்கட்டும் என்று நினைத்தது குற்றமாகிவிட்டது. வீட்டில் இதைச் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க தனியா கிடக்குறாங்கன்னு நெனச்சீங்களா, இருபது மார்க்குன்னு நெனச்சீங்களா?" என்கிறாள். இந்த வீட்டிலும் எனக்கு ஆளில்லை.

உண்மை பேசுகிற பெருமை உனக்கு. ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டால் உன் கை உதிர்ந்தா போய்விடும்? இதுவரை நான் நீட்டியதிலெல்லாம் போட்டாயே, அதிலெல்லாம் உண்மைதான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாயா?

கடைசியாகக் கேட்கிறேன். பத்திரத்தை அனுப்புகிறாயா, இல்லையா?

*

ஜூன் 12

தம்பிக்கு,

அனுப்பியிருக்கிறேன். உன் வாசகத்தை அடித்துவிட்டு என் வாசகத்தை எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்:

"2.49க்குத் திறந்தேன். படித்தேன். 3.04க்கு அமுக்கினேன். பொத்தான் நன்றாக வேலை செய்தது."

இதைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் பாடு.

முப்பத்தொரு பேர் முகமும் கண்ணில் வந்தது. மடிப்பின் முகம்தான் அதிகம் வந்தது, அவளைப் பட்டறையில் சேர்த்துவிட்டவளே நான்தான். அவர்களை என் தலையில் கட்டிவிட்டு, இப்போது அவர்களைக் காட்டியே என்னை அடிக்கிறாய். நான் தனியாகக் கிடக்கிறேன் என்று நீ எழுதியதை நேரில் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

அக்கா

*

ஜூலை 7

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. மெஷின்காரர் அளந்துவிட்டு "பாய்லர் அணைஞ்சுடுச்சு போல" என்றார்.

மூன்றாம் தேதி விசாரணை. இரண்டாவது மாடியில் ஒரு அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற அம்மா. ஒரு பக்கம் கம்ப்யூட்டர் நிபுணர். இன்னொரு பக்கம் இருந்தவர் எதற்காக இருந்தார் என்று கடைசி வரை தெரியவில்லை, பிஸ்கட் நன்றாகச் சாப்பிட்டார். ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டுகிற ஒரு டைப்பிஸ்ட்.

உன் பத்திரம் என் சட்டைப் பையில். கொடுப்பதாக இல்லை. பொத்தான் வேலை செய்யவில்லை என்று வாயால் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. தலைவரே எடுத்துக் கொடுத்தார்.

"அன்னிக்கு ரெண்டு பேருக்குச் சிக்கிக்கிச்சு. உங்க பார்ட்னருக்கும் சிக்கிக்கிச்சுன்னு எழுதிக்கலாமா? சாப்பாட்டு நேரம் ஆகுது."

வக்கீலைப் பார்த்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக "பொறுங்க" என்று சொல்லாமல், சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினார். ஆமாம் என்று மூன்றெழுத்து. வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

"இல்லீங்க. அவங்க படிச்சிட்டிருந்தாங்க."

"எதை?"

"விண்ணப்பத்தை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிஸ்கட்காரர் அப்போதுதான் முதலும் கடைசியுமாகப் பேசினார்: "நூத்திப் பன்னெண்டு பக்கத்தையுமா? ஏன்?"

"அறுபத்தொண்ணு வரைக்கும்தான். அதுல அவங்க பேர் இருந்துச்சு. நான் கேக்காம போட்டுட்டேன்."

வக்கீல் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார், இன்னும் வீங்கியிருக்கிறது. டைப்பிஸ்ட் நிமிர்ந்து, "இதையும் அடிக்கட்டுமா மேடம்?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் "அடிங்க" என்றேன். உன் பத்திரத்தையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். தலைவர் அதைப் படித்தார், பிறகு கண்ணாடி நெற்றியில் இருப்பது தெரிந்து அதை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

தீர்ப்பு: மேல்முறையீடு தள்ளுபடி. சம்மதம் இல்லாத நபரின் பெயரைச் சேர்த்த குற்றத்துக்காக ஒரு வருஷம் எந்த அரசு டெண்டரிலும் நம் நிறுவனம் கலந்துகொள்ளக் கூடாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி கிடைத்திருக்கும். வீங்கிய காலோடு நான் படி இறங்கும்போது, வக்கீல் முதல் நாளிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு முழுவதையும் பேசினார்.

வெட்கத்தை விட்டு நுரைக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரி வேலைக்கு என் ஆளுங்களை எடுத்துக்குங்க சார், நல்ல கைகள்" என்றேன். "ஒண்ணாம் தேதியே பத்தொம்போது பேருகிட்ட பேசி முடிச்சுட்டேனே சார்" என்றார். எதையும் முந்தியே செய்கிற ஜென்மம். மடிப்பு அதில் ஒருத்தி. போகும்போது முன் வாசல் வழியாகத்தான் போனாள், அங்கே நான் நின்றேன். "அக்காவைக் கேட்டதா சொல்லுங்க" என்றாள். மிச்சம் பன்னிரண்டு பேரோடு லாட்ஜ் விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதியதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. 2.50க்கு நீ ஒரு போன் போட்டிருக்கலாம். "டேய், என்னடா இது" என்று ஒரு வார்த்தை. அப்போது என் போனும் உயிரோடுதான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். "முதல்ல அமுக்கு, அப்புறம் பேசிக்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். நீயும் அமுக்கியிருப்பாய். இது தெரிந்த பிறகு கோபம் இன்னும் அதிகமாகத்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தம்பி

*

ஜூலை 16

தம்பிக்கு,

காலுக்கு ஐஸ் வை.

அப்படித்தான் சொல்லியிருப்பாய். அதனால்தான் கூப்பிடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உன் விண்ணப்பத்தில் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், ஆபரேஷன் துணிக்கு எவ்வளவு வெளுப்பான், எத்தனை டிகிரி வெந்நீர் என்று எழுதியிருக்கிறாய். மருந்து இரண்டு மடங்கு அதிகம், சூடு பத்து டிகிரி குறைவு. பட்டறையில் இத்தனை வருஷமாக நடப்பதும் அதுதான் என்றால், துணியும் கிழியும், கிருமியும் சாகாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் உயிரோடு இருப்பது உங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. கிளினிக் துணிக்கும் அதே அளவுதான் போடுகிறாயா? பதில் எழுதாதே, எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டாம் தேதி வருகிறேன். மெஷின்காரரை இருக்கச் சொல். அளவுகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கிடக்கிறாள் என்று எழுதியதற்கு உன்னை நேரில் நாலு வார்த்தை கேட்க வேண்டும். கோபம் ஆறியதால் வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நான்கு நாள் இருப்பேன். திரும்பி வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இருபத்தேழாம் தேதி காலை எனக்கு வகுப்பு இருக்கிறது. குளத்தின் ஆழமான பக்கத்தில்.

அக்கா